பிஸ்கட் டப்பாவில் கடைசிச் சீட்டு

விடுதி, அறை எண் 14
பிப்ரவரி 2, வியாழன்

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

பதினோரு தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. பன்னிரண்டாவது தடவை உன் அம்மா எடுத்து, "அவ போனை என்கிட்டயே குடுத்துட்டாம்மா, வேண்டாம்னுட்டா" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூட தேவலை என்று இருந்தது. அதனால்தான் கடிதம். கிழித்துப்போடுவதாக இருந்தால் வாசித்துவிட்டுக் கிழி.

என் தப்பு எங்கே ஆரம்பித்தது என்று எனக்கே பிடிபடவில்லை. உனக்குத் தெரிந்ததையெல்லாம் திரும்ப எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

பழைய வேதியியல் கூடம்தான் நம் பொது வழிபாட்டு அறை. மூலையில் கைகழுவும் தொட்டி, கூரையில் புகை மணி, அமிலக் கறை தெரியாமல் இருக்க ஒரு கம்பளம். மதியம் இயந்திரவியல் அண்ணன் அந்தத் தொட்டியில் கை கால் கழுவிவிட்டுத் தொழுவார். விளக்குக்காரி, புகை மணி அலறிவிடும் என்று பயந்து, ஏற்றாத விளக்கை வைத்துக் கும்பிடுவாள். நூலகர் ஐயா மூச்சைக் கவனிக்கிறேன் என்று கண்ணை மூடிக் குறட்டை விடுவார். நீ ஜெபிப்பாய். சாவி மட்டும் எதையும் நம்பாத என்னிடம்.

புதன்கிழமை நாலரை மணிக்கு எல்லோரும் சேர்ந்து உட்காருவோம். வேண்டியதைச் சீட்டில் எழுதி, பெயர் போடாமல், பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். குலுக்கி ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்தவர் ஏழு நாள் தன் வழக்கப்படி அதற்காக வேண்டிக்கொண்டு, அடுத்த புதன் கிழித்துவிட வேண்டும். யாருடையது என்று கேட்கக் கூடாது, தெரிந்தாலும் காட்டிக்கொள்ளக் கூடாது.

நான் கிழிக்கவில்லை. ஒன்றைக்கூடக் கிழிக்கவில்லை. முப்பத்தொரு சீட்டையும் ஒரு நோட்டில் ஒட்டி வைத்தேன்.

போன வாரம் வார்டன், யார் அறையிலோ மின்கெட்டில் ஓடுகிறது என்று விடுதியையே புரட்டிப் போட்டார். என் மெத்தைக்கு அடியில் கெட்டில் இல்லை, நோட்டு இருந்தது. சாப்பாட்டுக் கூடத்துப் பலகையில் வாராவாரம் சாப்பாட்டுப் பட்டியல் எழுதுகிறவள் நீ. உன் கையெழுத்து தெரியாதவர்கள் இந்த விடுதியில் யார்? "ஜெபிக்க உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை. எட்டு மாதமாக உதட்டை மட்டும் அசைக்கிறேன். அப்பாவிடம் சொல்லத் தைரியம் வேண்டும்." இதை வார்டன் அப்படியே போனில் உன் அப்பாவுக்கு வாசித்திருக்கிறார். மறுநாள் உன் அப்பா வந்தார். நான் செய்முறை வகுப்பு முடிந்து ஓடி வருவதற்குள் உன் கட்டில் காலி.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

சுண்டெலி


பிப்ரவரி 9

சாவிக்காரிக்கு,

சுண்டெலி என்று கூப்பிட மனசு வரவில்லை.

உன் கடிதத்தை அம்மா என் தலையணைமேல் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு நாள் பிரிக்கவில்லை. பிரித்து வாசித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு, நீ பக்கத்தில் இல்லாமல் போனது உன் நல்ல நேரம்.

நீ மட்டும் ஏன் வெற்றுத்தாள் போடுகிறாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்குத் தெரியும். உன் நோட்டின் ஓரம் கிழிந்த தாள் எல்லோருக்கும் தெரியும். "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று நீ பெருந்தன்மையாக உட்கார்ந்திருப்பாய். நாங்கள் மட்டும் உள்ளே இருப்பதைக் கொட்டுவோம். கொட்டியதை நீ பசை தடவி ஒட்டி வைத்திருக்கிறாய். எதுக்குடீ? பட்டாம்பூச்சி சேர்க்கிறாயா?

என் அப்பாவை உனக்கு அவ்வளவாகத் தெரியாது. மற்ற நாளில் மூக்குக்கண்ணாடிக் கடை, ஓய்வு நாளில் எங்கள் சபையின் போதகர். ஏழு வயதிலிருந்து அவர் ஜெபிக்க ஆரம்பிக்கும் முன் பாட்டை எடுத்துக்கொடுப்பது நான். அந்தச் சீட்டில் இருந்ததை நானே, என் வாயால், என் நேரத்தில் அவரிடம் சொல்லியிருப்பேன். அதைத்தான் கேட்டேன், தைரியம் வேண்டும் என்று. கடைசியில் ஒரு வார்டன் போனில் வாசித்துக் காட்டினார்.

அன்று அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லூரி முதல்வர் அவரை அழைத்துப் போய் "இதுதாங்க அந்த ரூம்" என்று காட்டினாராம். நான் பெட்டி கட்டி முடிக்கும்வரை அங்கேயே தனியாக உட்கார்ந்திருந்தார். பேருந்தில் ஆறு மணி நேரம். தண்ணீர் வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டார், அவ்வளவுதான். வீட்டிலும் அப்படித்தான். சாப்பாட்டுக்கு முன் நான்தான் ஜெபிப்பேன், வழக்கம். இப்போது நான் வாய் திறக்கும் முன் அவரே அவசர அவசரமாக முடித்துவிடுகிறார். என்னைக் கேட்கவே வெட்கப்படுகிறார். அந்த ஒரு நிமிஷத்தில் தட்டோடு பூமிக்குள் போய்விடலாமா என்று இருக்கிறது.

ஏன் ஒட்டினாய் என்று மட்டும் எழுது. மன்னிப்பெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.


பிப்ரவரி 16, வியாழன்

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

நீ எப்படிக் கூப்பிட்டாலும் நான் இப்படித்தான் கூப்பிடுவேன்.

பட்டாம்பூச்சி என்று கேட்டாயே, அது சுருக்கென்று தைத்தது. தைக்கட்டும், பரவாயில்லை. பதில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் யாரும் எதையும் கும்பிட்டதில்லை. எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. உங்களுக்கெல்லாம் அந்தச் சீட்டைக் கொடுத்துவிட ஓர் இடம் இருந்தது. நான் யாரிடம் கொடுப்பேன்? முதல் வாரம் எனக்கு வந்த சீட்டில் "அம்மாவின் முழங்கால் வலி குறைய வேண்டும்" என்று இருந்தது. ஏழு நாள் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். எட்டாம் நாள் கிழிக்கப் போனால் கை வரவில்லை. நான் எதுவுமே செய்யவில்லையே, எந்த முகத்தோடு கிழிப்பது? அதனால் ஒட்டினேன். தினமும் காலையில் பல் தேய்த்ததும் எல்லாச் சீட்டையும் ஒருமுறை வாசிப்பேன். முடிந்ததைச் செய்வேன். கணக்குத் தேர்வு என்று ஒரு சீட்டு வந்தது, என் நோட்டை நூலகத்தில் மறந்துவிட்டதுபோல வைத்துவிட்டு வந்தேன். முழங்காலுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. முழங்காலைப் பற்றி ஒரு புத்தகம் வாசித்தேன், அவ்வளவுதான்.

உன் சீட்டு வந்த அன்று கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. மூன்று வாரம் முழித்தேன். பாட்டுப் பயிற்சிக்கு உன்னோடு கூடவே நடந்து வந்தேனே, "என்னடீ திடீர்னு பாட்டு மேல பாசம்?" என்று நீ கேலி செய்தாயே, அதெல்லாம் அந்தச் சீட்டுக்காகத்தான். எனக்குத் தெரிந்த வேண்டுதல் அவ்வளவுதான். வைத்திருந்தது தப்பு. கிழிக்க வேண்டும் என்று விதி வைத்தவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

நோட்டு விவகாரத்தால் வழிபாட்டு அறையைப் பூட்டிவிட்டார்கள். சாவியை வாங்கிக்கொண்டார்கள், நோட்டு முதல்வர் மேசையில். புதன்கிழமை நாலரை மணிக்கு நாங்கள் பூட்டிய கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் உட்காருகிறோம். அண்ணன் குடிநீர்க் குழாயில் கை கால் கழுவப் போய்க் காவலாளியிடம் பாட்டு வாங்கினார். தாழ்வாரத்தில் புகை மணி கிடையாது என்பதால் விளக்குக்காரி மூன்று வருஷத்தில் முதல்முறையாக விளக்கை ஏற்றினாள்! அழுதுவிட்டாள், பைத்தியம். நூலகர் ஐயா வழக்கம்போல. ஆனால் அவர்தான் முதல்வர் அறைக்குத் தினமும் போய் நிற்கிறார். என் வெற்றுத்தாள் ஒருமுறை அவருக்குப் போயிருக்கிறது. "ஒரு வாரம் ஒண்ணுமில்லாததையே நெனச்சிட்டு இருந்தேன்மா, அவ்வளவு சுகமா இருந்துச்சு" என்கிறார். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

உன் இடத்தைக் காலியாகவே விட்டு உட்காருகிறோம். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

சுண்டெலி


பிப்ரவரி 25

சுண்டெலிக்கு,

சரி, கூப்பிட்டுவிட்டேன். ரொம்பக் குதிக்காதே.

முழங்கால் சீட்டு விளக்குக்காரியுடையதாக இருக்கும் என்று தோன்றுகிறது. பார்த்தாயா, நானும் விதியை மீறுகிறேன். நீ புத்தகம் வாசித்தாய் என்பதை வாசித்துச் சிரித்தேன். அப்புறம் என்னவோ போல் ஆகிவிட்டது. உன்மேல் இருந்த கோபம் முழுவதும் போகவில்லை. பாதி போயிருக்கிறது.

இங்கே நிலைமை இதுதான். கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மார்ச் பதினைந்துக்குள் நான் திரும்பி வந்து சேர வேண்டும், அப்பா கையெழுத்துப் போட்ட படிவத்தோடு. இல்லையென்றால் கடைசிப் பருவம் போச்சு, ஒரு வருஷம் வீண். அப்பா அந்தக் கடிதத்தைப் பிரித்து வாசித்தார். மடித்தார். கடை மேசை இழுப்பறையில் வைத்தார். என்னிடம் அதைப்பற்றி மூச்சு விடவில்லை.

"நீயே போய்க் கேளேன்" என்கிறாள் அம்மா. என்னவென்று கேட்பது? கல்லூரியைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்த அறை வரும், அறை வந்தால் சீட்டு வரும். அவர் என்னைப் பார்த்து "ஏம்மா, என்ன கொறை வச்சேன்?" என்று ஒரு கேள்வி கேட்டால் நான் உடைந்துவிடுவேன். அவர் கோபப்பட்டால் சமாளிப்பேன். அவர் அவமானப்படுகிறார். சபையில் யாராவது "பொண்ணு ஏன் பாடல?" என்று கேட்டால், தொண்டை சரியில்லை என்கிறார். பொய்யே சொல்லாத மனிதர், எனக்காகச் சொல்கிறார்.

போகட்டும் ஒரு வருஷம்.

ஜெபம் இன்னும் வரவில்லை. புதன்கிழமை நாலரைக்கு மட்டும் மாடியில் போய்ச் சும்மா உட்காருகிறேன். நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள் என்று தெரிந்ததால்.

ஒட்டகம்


மார்ச் 2, வியாழன்
(இதை நான் அனுப்பப்போவதில்லை)

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்லவும் கூடாது. அதனால் இதை எழுதிவிட்டு மேசைக்குள் போட்டுப் பூட்டப்போகிறேன்.

நேற்று அறையைத் திறந்துவிட்டார்கள். நூலகர் ஐயா ஜெயித்துவிட்டார். நோட்டைத் திருப்பித் தர மாட்டார்களாம். இனிமேல் ஒரு சீட்டும் அறையைவிட்டு வெளியே போகக் கூடாதாம். சாவி மறுபடி என்னிடம். எல்லோரும் வருவதற்கு முன் போய்க் கம்பளத்தைத் தட்டி, தொட்டியைக் கழுவி, டப்பாவைத் துடைக்க எடுத்தேன். உள்ளே ஒரு சீட்டு. பூட்டுவதற்கு முந்தைய கடைசிப் புதன்கிழமை டப்பாவைக் காலி செய்தவள் நான். அதற்குப் பிறகு அந்த அறையில் உட்கார்ந்தவர் ஒரே ஒருவர்தான்.

பிரித்ததும் உன்னுடையது என்று நினைத்தேன். அதே 'ழ', கீழே நீளமாக இழுத்த வால். உனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது யார் என்று அப்போதுதான் புரிந்தது.

"என் மகள் இங்கே எழுதியதை என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறாள். அவள் பயப்படாத அப்பாவாக நான் ஆக வேண்டும். எப்படி என்று தெரியவில்லை."

அவர் அவமானப்படவில்லை, ஒட்டகம். உன்மேல் கோபமும் இல்லை. நீ அங்கே பயந்து சாகிறாய், அவர் இங்கே வந்து இதை எழுதிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஒரே வீட்டில் ஒரே மேசையில் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சாப்பிடுகிறீர்கள். இப்போதே போன் போட்டு உன் அம்மாவிடம் கத்த வேண்டும் போல் இருக்கிறது. ஒரு வார்த்தை போதும், உன் வருஷம் பிழைக்கும்.

ஆனால் அவர் அதை உன்னிடம் எழுதவில்லை. டப்பாவிடம் எழுதினார். உன் சீட்டை இன்னொருவர் வாசித்துச் சொன்னதால் வந்த வினை போதாதா? அவருடையதையும் நான் வாசித்துச் சொன்னால் வார்டனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? டப்பாவில் ஒரே சீட்டுதான் இருந்தது. எடுத்தது நான். ஏழு நாள் என்னுடையது.

ஐயோ, வாய் துடிக்கிறது.


மார்ச் 2, வியாழன்

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

அறையைத் திறந்துவிட்டார்கள். மற்றதை நேரில் சொல்கிறேன்.

நேரில் என்றுதான் எழுதியிருக்கிறேன். நீ வருவாய். உன் அப்பாவிடம் போ. படிவத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். அன்று சீட்டில் எழுதியதை உன் வாயால் அவரிடம் சொல். அவருக்குத்தான் தெரியுமே என்று நினைக்காதே. அவருக்கு வார்டன் சொன்னது தெரியும். நீ சொல்லி அவர் இன்னும் கேட்கவில்லை.

நான் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்காதே. கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஒருமுறை உன்னைக் கவிழ்த்தவள் சொல்வதை எதற்குக் கேட்க வேண்டும் என்று நீ நினைத்தால் அதுவும் நியாயம்தான். ஆனாலும் போ. பதினைந்தாம் தேதி நெருங்குகிறது.

சுண்டெலி


மார்ச் 7

அடி பாவி சுண்டெலி,

உன் கடிதத்தை வாசித்ததும் முதலில் பற்றிக்கொண்டு வந்தது. என்ன அதிகாரம்! போ, சொல், கேட்காதே என்று. கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி மறுபடி வாசித்தேன். "நீ சொல்லி அவர் இன்னும் கேட்கவில்லை." அது மட்டும் விடவில்லை.

நேற்று மதியம் கடைக்குப் போனேன். ஆள் இல்லாத நேரம். என்னைப் பார்த்ததும் அப்பாவுக்குக் கை கால் ஓடவில்லை, எனக்கும்தான். என்ன பேசுவது என்று தெரியாமல், கண் சோதிக்கும் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவரும் என்ன செய்வது என்று தெரியாமல், சோதனைச் சட்டத்தை எடுத்து என் மூக்கில் மாட்டினார். ஒரு வில்லையைப் போட்டு, "எழுத்து தெரியுதா?" என்றார். அடுத்ததைப் போட்டு, "இதுவா, முன்னாடி போட்டதா?" என்றார். அடுத்த வில்லைக்காகப் பெட்டிப் பக்கம் திரும்பினார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"அப்பா, எனக்கு ஜெபம் வர மாட்டேங்குது. ஒன்பது மாசமாச்சு. சும்மா வாயை அசைக்கிறேன். உங்ககிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு."

அவர் வில்லையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு வந்து, என் முகத்திலிருந்து சட்டத்தைக் கழற்றிவிட்டு, வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எனக்கு அப்படி ஆனதே இல்லம்மா. அதனால என்ன சொல்றதுன்னு தெரியல. ஏதாவது சொல்லித் தப்பாப் போயிடுமோன்னுதான் ஒரு மாசமா வாயத் தொறக்கல."

"உங்களுக்கு அவமானமா இருக்குன்னு நெனச்சேன்."

"அவமானமா? சாப்பாட்டுக்கு முன்னாடி உன்னை ஜெபிக்கச் சொன்னா நீ மறுபடியும் நடிக்கணுமே. அதான் நானே அவசரமா முடிச்சேன்."

ஒரு மாதமாக அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்து செத்தேனே சுண்டெலி! அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அவருக்கும் கண் கலங்கிவிட்டது. கண்ணாடிக் கடைக்காரர், தன் கண்ணாடியைத் துடைக்கத் துணி தேடினார். அப்புறம் மெல்ல, ஏதோ திருடியதை ஒப்புக்கொள்கிறவர்போல, "அன்னிக்கு அந்த ரூம்ல நானும் ஒரு சீட்டு எழுதிப் போட்டேம்மா. யார் கைக்குப் போச்சோ தெரியல. யாரோ நல்லா வேண்டியிருக்காங்க" என்றார்.

யார் கைக்குப் போனது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நீதானே? கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தாயே. நீயா! பாத்திரம் தேய்க்கும்போது கேட்ட ரகசியத்தைத் துணி காயப்போடும் முன் சொல்லிவிடுகிற நீயா! பாதிக் கோபம் பாக்கி என்று எழுதியிருந்தேன். அதுவும் போய்விட்டது, எடுத்துக்கொள்.

அவர் என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லாதே. ஒட்டி வைத்திருந்தால் மட்டும் வந்து உன் காதைத் திருகுவேன். கிழித்துவிடு.

ஜெபம் இன்றும் வரவில்லை. அதையும் அவரிடம் சொன்னேன். "வராட்டி எனக்குப் பக்கத்துல வந்து சும்மா உட்காரு" என்றார். இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்தார். எப்போதோ கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார், தேதி பிப்ரவரி இருபது. நான் வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தாராம். எங்கள் குடும்பத்தை என்ன சொல்ல!

பத்தாம் தேதி கிளம்புகிறேன். அப்பாவும் வருகிறார். அந்த அறையை இன்னொரு முறை பார்க்க வேண்டுமாம்.

ஒட்டகம்


மார்ச் 9, வியாழன்

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீ பேருந்தில் இருந்தாலும் இருப்பாய். அப்படியென்றால் உன் அம்மா பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் கடிதம் கைக்கு வந்தது இன்று காலையில்தான். ஆனால் நேற்றோடு அந்தச் சீட்டுக்கு ஏழு நாள் முடிந்தது. அங்கே என்ன ஆனது என்று ஒன்றும் தெரியாமல் டப்பா முன்னால் உட்கார்ந்திருந்தேன். முடிந்ததைச் செய்தாயிற்று, இனிமேல் என் கையில் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிழித்தேன். நாலாகக் கிழித்து, அந்தப் பழைய தொட்டியில் தண்ணீர் விட்டுக் கரைத்தேன். ஒட்டுவதைவிட இது கஷ்டம் என்று உங்களில் யாருமே எனக்குச் சொல்லவில்லையே? அண்ணன் பக்கத்தில் வந்து நின்று, "பழகிடும்" என்றார். விளக்குக்காரி என் தோளில் கை வைத்தாள். நூலகர் ஐயா தூங்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று உன் கடிதத்தை வாசித்துவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யாரிடமும் சொல்லாதே.

சாப்பாட்டுக் கூடத்துப் பலகையில் இப்போது எழுதுகிறவளின் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது. என்ன சாப்பாடு என்று தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். சீக்கிரம் வா.

இன்னொன்று. நேற்று டப்பாவில் நான் போட்டது வெற்றுத்தாள் இல்லை. எழுதிப் போட்டேன். மடித்ததை மூன்று தடவை பிரித்துப் பிரித்து மடித்தேன், நீங்கள் எல்லாம் வாராவாரம் எப்படித்தான் செய்தீர்களோ. அதை எடுத்தவர் யார் என்று தெரியாது, ஏழு நாள் ஆகவில்லை. வந்ததும் என்ன எழுதினாய் என்று என்னைக் குடையாதே.

உன் அப்பாவிடம் சாவி என்னிடம்தான் இருக்கிறது என்று சொல். எத்தனை மணிக்கு வந்தாலும் திறந்து விடுகிறேன்.

சுண்டெலி